மூக்கைப் பிடித்து நின்ற சமாதானம்

படத்தில் இருப்பவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இடது கைப்பக்கம் மல்லிகா அக்கா. அடுத்தது நான். எனக்கு அந்தப் பக்கம் சரளா. அப்புறம் கன்னியம்மா, லட்டு வாங்கலாம் என்று கூட வந்தவள். அவளுக்குப் பக்கத்தில் சங்கத்து மேடம். கடைசியில் ஒரு வெள்ளைக்கார அம்மா. மேடத்தைத் தவிர எல்லார் கையும் மூக்கில் இருக்கிறது.

நேற்று தேவி இதைப் போனில் அனுப்பினாள். தேவி சரளாவின் மகள். சமாதானத்துக்காகப் பெண்கள் நின்ற பழைய படங்களையெல்லாம் வெளிநாட்டில் யாரோ சேர்த்து வைத்திருக்கிறார்களாம். கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னாள்: தென்னிந்தியப் பெண்களின் பழமையான சமாதான முத்திரை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அது கருவாடு.

கருவாடு என்றதும் ஆந்திர எல்லையில், நகரியில் எங்கள் தறி ஷெட்டு ஞாபகம் வருகிறது. பதினாறு தறி. கரண்டு வந்துவிட்டால் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் கையாலும் உதட்டாலும்தான் பேச்சு. யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எல்லாம் கைதான். முதலாளி எதிரிலேயே நின்று முதலாளியைத் திட்டலாம். நான் நூல் சுற்றுகிறவள். மல்லிகா அக்காவும் சரளாவும் தறி ஓட்டுகிறவர்கள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடித்தனம்.

தெருவில் முதல் மிக்சி மல்லிகா அக்கா வாங்கியதுதான். அதற்குப் பொட்டெல்லாம் வைத்திருந்தது. புரட்டாசி சனிக்கிழமை, அக்கா பெருமாளுக்குத் தளிகை போட இருந்த நாள். சரளா மிக்சியை வாங்கிப்போய்க் கருவாட்டுத் தொக்கு அரைத்துவிட்டாள். கழுவித்தான் கொடுத்தாள். வாசனை போகவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு மூன்று வருஷம் ஆகியும் வரவில்லை. ஷெட்டில் எதிர் எதிர்த் தறி. கைகூட அசையாது.

அதற்குள் சரளாவின் புருஷன் போய்ச் சேர்ந்தான். அவளுக்குக் குவைத்தில் வீட்டு வேலைக்கு விசா வந்தது. தேவிக்கு ஆறு வயசு. விட்டுப்போக மல்லிகா அக்கா வீடு ஒன்றுதான் இருந்தது. சரளா கேட்கமாட்டாள். கேட்காமல் அக்கா சொல்லமாட்டாள். விமானத்துக்கு ஆறு நாள் இருந்தது.

அப்போதுதான் பெண்கள் சங்கத்து மேடம் வந்தார். தெலுங்குக்காரர். திருப்பதியில் பெண்கள் கறுப்பு உடுத்தி ஒரு மணி நேரம் பேசாமல் நிற்கப்போகிறார்கள், வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள் என்றார். ரொம்ப காலம் முன்னால் பெரிய யுத்தம் நடக்கும்போதே, சண்டை போடும் நாடுகளின் பெண்களே கப்பலேறி ஒரு ஊரில் கூடி, நிறுத்துங்கள் என்று கேட்டார்களாம்.

"ஊட்ல யாரும்மா சோறு ஆக்கனது?" என்றாள் கன்னியம்மா.

"அதி நாக்கு தெலீதும்மா" என்று மேடம் கையை விரித்தார்.

"சரி, சண்ட நின்னுச்சா?"

"நிக்கலை."

"அப்பறம்?"

"மறுபடி கூடினாங்க."

கன்னியம்மா யோசித்தாள். "நம்ம கொழா சண்ட மாதிரிதான்."

எங்களில் யாரிடமும் கறுப்புப் புடவை கிடையாது. யார் வாங்குவார்கள்? மலைக்கு மாலை போட்ட ஆம்பிளைகளின் கறுப்பு வேட்டி இருந்தது. அதையே தாவணி மாதிரி மேலே போட்டுக்கொண்டோம். கற்பூரமும் நெய்யும் மணத்தது. பஸ்ஸில் கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தான்.

"ஏமக்கா, சபரிமலைக்கா?"

"இல்லப்பா, உலக சமாதானத்துக்கு."

"ஆ ஸ்டாப்பு லேதக்கா. திருப்பதிக்குக் கிழிச்சிடறேன்."

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி வரிசையாக நிறுத்தினார்கள். "மாட்லாடகூடாது! வாய் தெறக்கவே கூடாது!" என்று மேடம் மூன்று தடவை சொன்னார். எனக்கு இந்தப் பக்கம் மல்லிகா அக்கா, அந்தப் பக்கம் சரளா. நடுவில் நிற்க வேறு ஆள் கிடைக்கவில்லை.

கால் மணி நேரம் ஒழுங்காக நின்றோம். மொட்டை போட்டவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அப்போது சரளாவின் கை அசைந்தது. உள்ளங்கை மேலே ஏறியது, விமானம். இடுப்பு உயரத்தில் நின்றது, தேவி. கையை அங்கேயே வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

மல்லிகா அக்கா உடனே இறங்கிவரவில்லை. விரலைச் சுழற்றினாள், மிக்சி. கையை மீன் மாதிரி ஆட்டினாள். மூக்கைப் பிடித்தாள். எல்லாம் என் முகத்துக்கு முன்னால் நடக்கிறது. சரளா மீனை ஆட்டி, தலையில் அடித்து, மூக்கைப் பிடித்தாள். ஆமாம் நாறிச்சு, தப்புதான் என்று அர்த்தம். சத்தம் வரவில்லை. அதனால் எங்கள் கணக்கில் அது பேச்சு இல்லை.

வெள்ளைக்கார அம்மா உற்றுப் பார்த்தார். ஏதோ பூஜை என்று நினைத்திருப்பார். அவரும் மீனை ஆட்டி மூக்கைப் பிடித்தார். அவரைப் பார்த்துக் கன்னியம்மா. நான் மட்டும் சும்மா நின்றால் நன்றாக இருக்காதே என்று நானும் பிடித்தேன். படம் அப்போது எடுத்ததுதான்.

அப்புறம்தான் மல்லிகா அக்கா இடுப்பு உயரத்தில் கையை வைத்தாள். அந்தக் கையை அப்படியே தன் நெஞ்சில் வைத்தாள். சரளா கறுப்பு வேட்டியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அக்கா மறுபடியும் விரலைச் சுழற்றி, கூடாது என்று ஆட்டினாள். மிக்சியை மட்டும் தொடாதே.

மேடம் பிறகு எங்களைத் திட்டினார். அடுத்த வருஷம் அவரே வந்து, அந்த அம்மா ஊரிலும் பெண்கள் மூக்கைப் பிடித்து நின்றார்களாம் என்றார். யுத்தம் நின்றதா என்று நாங்கள் கேட்கவில்லை.

தேவியை மல்லிகா அக்காதான் வளர்த்தாள். தடா பக்கம் செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் அவளுக்கு இப்போது வேலை. சரளா வருவாள், போவாள், இன்னும் குவைத்தில்தான். அக்காவுக்குத் தறிச்சத்தத்தில் காது போய்விட்டது. வீடியோவில் கூப்பிட்டால் இரண்டு பேரும் கையால்தான் பேசுகிறார்கள். போன வாரமும் பேச்சில் மிக்சி வந்தது.

ஷெட்டு இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். மேடம் எங்கே என்று தெரியவில்லை. கன்னியம்மா இல்லை. மற்ற தறிக்காரிகளும் ஒவ்வொருத்தராகப் போய்விட்டார்கள். தேவிக்குக் கைப்பேச்சில் கருவாடு மட்டும் தெரியும். அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. முழுசாகத் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்.