நலம் என்று வந்த கார்டுகள்

1998 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. அக்கா காலை 4.50க்கு எழுந்தார். பால் பாக்கெட் வராததால் முதல் நாள் பாலிலேயே காபி போட்டுக்கொண்டார். 5.30க்குத் தம் ரத்த அழுத்தத்தைத் தாமே பார்த்து நோட்டில் குறித்தார். 7.15க்கு இரண்டு இட்லி, நான்கு மாத்திரைகள். 8.10க்கு மருத்துவமனைக்குப் புறப்பட்டார். மூன்று மணிக்குத் திரும்பி வந்து அரை மணி நேரம் படுத்தார். பிறகு என்னுடன் ஆட்டோவில் திருவான்மியூருக்கு வந்தார். அங்கே ஒரு வீட்டில் இருபது நிமிடம் பேசிவிட்டு, மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது மணி 6.05. மேசை முன் உட்கார்ந்து ஆறு கடிதங்களில் கையெழுத்திட்டார். 7.20க்கு நாற்காலியில் இருந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தைந்து.

ஓராண்டு நிறைவில் இந்த மலர் உங்கள் கைக்கு வருகிறது. அக்காவைப் பற்றி நல்லதையே எழுது என்று உறவினர் பலரும் சொன்னீர்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். அதில் என் தவறும் கலந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் அக்காவின் கடைசி பத்து மாதங்கள் யாருக்கும் விளங்காது.

அக்கா பிறந்தது மேற்கு மாம்பலத்தில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில். அப்பாவுக்கு இளைப்பு நோய். இரவில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவார். பக்கத்தில் அமர்ந்து அப்பாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பது அக்காவின் வேலை. ஒன்பது வயதில் அக்காவுக்கே மூட்டு வீக்கத்துடன் காய்ச்சல் வந்து, இதயத்தின் வால்வு ஒன்று பழுதாயிற்று. அந்த உடம்போடுதான் அவர் மருத்துவம் படித்தார், நெஞ்சுநோய்ப் பிரிவில் மேற்படிப்பும் முடித்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம் வால்வைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவார். "பஜ்ஜியாவது சாப்பிட்டு முடிக்கட்டும்டி, அப்புறம் சொல்லு" என்று அம்மா கெஞ்சுவார். அக்கா கேட்டதில்லை. வந்தவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தார். அங்கே இருந்த வென்டிலேட்டர்கள் நான்கு. மூச்சுக்குத் திணறி வருபவர்களோ அதற்கு மேல். ஒரு நோயாளியைக் கருவியிலிருந்து மெல்ல மெல்லப் பல நாட்கள் எடுத்துக்கொண்டு விடுவிப்பதே அப்போதைய வழக்கம். அந்த நாட்களில் வெளியே இன்னொருவர் காத்திருந்து இறந்துபோவார். அக்கா வேறு முறையை முயன்றார். தினமும் காலையில் நோயாளியை அரை மணி நேரம் தாமாக மூச்சுவிட விடுவது, தாங்கினால் அன்றே தொண்டையிலிருந்த குழாயை எடுத்துவிடுவது. பலர் தாங்கினார்கள்.

"வார்டிலேருந்து நடந்து போனவங்களை எண்ணுறோம். வீட்டுக்குப் போய் எத்தனை நாள் மூச்சு விட்டாங்கன்னு யாரு எண்ணுறா?" என்று அக்கா கேட்பார். அதை எண்ணுவதே அவருடைய ஆய்வு. வீடு திரும்பிய ஒவ்வொருவருக்கும் ஆறு மாதம் கழித்து ஒரு ரிப்ளை கார்டு அனுப்பினோம். முகவரிகளை எழுதியது நான். நான் அரசு அலுவலகம் ஒன்றில் வரைவாளர் என்பதால் ஆய்வின் படத்தையும் நானே வரைந்தேன். மேலிருந்து தொடங்கும் ஒரு கோடு. ஒருவர் இறந்தால் ஒரு படி இறங்கும்.

கார்டில் அக்கா மூன்று வரிகளை அச்சிட விரும்பினார்: நலம், நலமில்லை, காலமாகிவிட்டார்.

"மூணாவது வரியை எடுத்துடுக்கா. சாவை அச்சடிச்சு அனுப்பினா, பொழச்சு வந்தவர் வீட்டுல வாசல்லயே கிழிச்சுப் போட்டுடுவாங்க" என்றேன்.

"கேக்காம எப்படிடி தெரியும்?"

"அப்படி ஏதாவதுன்னா அவங்களே எழுதுவாங்க. கீழே இடம் விட்டிருக்கோமே."

அக்கா ஒப்புக்கொண்டார். அந்த இடத்தில் பெரும்பாலோர் எதுவும் எழுதவில்லை.

1996 மார்ச் மாதம் ஒரே ஒரு கார்டுதான் வர வேண்டியிருந்தது. 19ஆம் தேதி மாலை, அலுவலகம் முடிந்ததும் நானே சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். நோயாளியின் மனைவி வாசலுக்கு வந்தார். உள்ளே கட்டிலில் கண் தெரியாத மாமியார்.

"யாரும்மே வந்துகீறது?" என்றார் மாமியார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துகீறாங்க. உம் புள்ள எப்படிகீறார்னு கேக்குறாங்க."

"துட்டு வாங்கசொல்லோ ஒர்த்தனும் கேக்கல. இப்போ இன்னா திடீர் அக்கறை? நல்லாகீறான்னு எழுதிக் குடு, போவட்டும்."

அந்தப் பெண் கார்டில் 'நலம்' என்ற வரியில் குறியிட்டு என்னிடம் தந்தார். பிறகு சந்து முனை வரை என்னுடன் நடந்துவந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவரு போயி அஞ்சு மாசம் ஆவுது மேடம். அத்தைக்குத் தெரியாது. தாம்பரத்தாண்ட நல்ல காத்து கீற எடத்துல தங்கிகீறார்னு சொல்லிக்கினு கீறோம். நீங்க டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க."

நான் சொல்லவில்லை. பத்து நாளில் அக்கா மருத்துவர்கள் கூட்டத்தில் கட்டுரை படிக்க இருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் என் கையிலிருந்த கார்டை வாங்கிப் பார்த்து, "அப்பாடா, இவரும் நல்லா இருக்காரு" என்றார். அந்த முகத்தைப் பார்த்தபடியே கார்டை வாங்கி மற்றவற்றோடு சேர்த்துவைத்தேன். ஒரே ஒரு கார்டுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோட்டை ஒரு படி இறக்காமலே வரைந்து கொடுத்தேன். கட்டுரை பாராட்டுப் பெற்றது. மறு ஆண்டு ஒரு மருத்துவ இதழிலும் வந்தது. நகரின் வேறு மூன்று மருத்துவமனைகள் அக்காவின் முறையைப் பின்பற்றத் தொடங்கின.

1997 செப்டம்பர் 12 அன்று, சிந்தாதிரிப்பேட்டைப் பெண் தம் மாமியாரை அக்காவிடம் சிகிச்சைக்கு அழைத்துவந்தார். அக்கா அவர் கணவரை விசாரித்தார். அந்தப் பெண் அவரைத் தனியே அழைத்து, "அன்னிக்கே உங்க தங்கச்சியாண்ட சொன்னேனே" என்றிருக்கிறார்.

அன்று மாலை அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "போன வருஷ டைரியை எடு. மார்ச் மாசம்."

எடுத்துக் கொடுத்தேன். அதில் நான் எழுதியிருந்தது: 'மாலை 5.40. சிந்தாதிரிப்பேட்டை. கார்டு பெற்றேன். அவர் அக்டோபரிலேயே காலமாகிவிட்டார். அக்காவிடம் சொல்லவில்லை.'

"மணியெல்லாம் போட்டிருக்கே. டைரிகிட்ட சொல்ல நேரம் இருந்தது, எங்கிட்ட சொல்ல இல்லையா?"

"ஒரே ஒரு கார்டுன்னு நெனச்சேன்க்கா."

"ஒண்ணு பொய்யின்னா மத்ததெல்லாம் நிஜம்னு உனக்கு யாரு சொன்னா?"

அதன் பிறகு மூன்று நாட்கள் அக்கா எல்லாக் கார்டுகளையும் எடுத்துவைத்து முகவரிகளைப் பட்டியலிட்டார். நான்காம் நாள், "வீடு வீடாப் போகணும். நீயும் வா" என்றார்.

பத்து மாதங்கள் போனோம். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், பழுதான வால்வோடு, அக்கா எத்தனையோ மாடிகள் ஏறினார். பாதிப் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். பெரும்பாலான வீடுகளில் நோயாளியே கதவைத் திறந்தார். சில வீடுகளில் மாலை போட்ட படம் இருந்தது. மேற்கு மாம்பலத்தில் ஒரு மனைவி, "எழுதத்தான் உக்காந்தேங்க. அந்த வார்த்தைக்குக் கை போகலை" என்றார். தியாகராய நகரில் இறந்தவரின் தம்பி ஒருவர் சொன்னது இது: "டாக்டரம்மா அவ்வளவு பாடுபட்டாங்க. அவங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான் நலம்னு போட்டோம்." அந்த வீட்டுப் படியிறங்கும்போது அக்கா முதல் முறையாக என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சிந்தாதிரிப்பேட்டையையும் சேர்த்து ஏழு வீடுகள். ஏழு பேரில் ஆறு பேர் அறுபதைக் கடந்தவர்கள், நெடுநாள் நுரையீரல் நோயாளிகள். இளையவர்களுக்கு அக்காவின் முறை சரியாகவே இருந்தது. முதியவர்களுக்கு அது அவசரம். துறைத் தலைவரிடம் அக்கா இதைச் சொன்னபோது, "ஏழு பேர்தானே மேடம், அடுத்த ஆய்வுல சரிபண்ணிக்கலாம்" என்றாராம். "அதுவரைக்கும் அந்தப் பெரியவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்களா சார்?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

ஆகவே அக்கா தாமே கடிதம் எழுதினார். இதழுக்கும், அந்த மூன்று மருத்துவமனைகளுக்கும், கட்டுரையைக் கேட்டு வாங்கியிருந்த இரு மருத்துவர்களுக்கும். திருவான்மியூர் வீடுதான் பட்டியலில் கடைசி. அங்கே நோயாளி நலமாகவே இருந்தார். வீடு திரும்பியதும் அக்கா இறுதி எண்ணிக்கையை நிரப்பிக் கையெழுத்திட்டார். நான் ஒரு பிரதியைப் படித்தேன். 'கார்டுகள் நம்பத்தக்கவை அல்ல என்பது எங்களுக்கு 1997 செப்டம்பர் 12 அன்று தெரிய வந்தது' என்றிருந்தது.

"எங்களுக்குன்னு இருக்கே. எனக்கு முந்தின வருஷ மார்ச்லயே தெரியுமே?"

"கட்டுரை என்னுது. பதில் சொல்ல வேண்டியது நான்."

"தேதி தப்புக்கா."

"தெரியும்டி. தண்ணி கொண்டா."

தண்ணீரோடு வந்தபோது அக்காவின் தலை சாய்ந்திருந்தது. அக்கா தெரிந்தே எழுதிய தவறான வரி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதுவும் எனக்காக. நான் மௌனமாக இருந்த பதினெட்டு மாதங்களில் மற்ற மருத்துவமனைகளில் எந்த முதியவருக்கு என்ன நேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இரண்டாம் முறையும் எங்களுக்குக் கதவைத் திறந்த எல்லாக் குடும்பங்களுக்கும், குறிப்பாக அந்த ஏழு குடும்பங்களுக்கும், நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். மருத்துவமனையில் மாடிப்படி ஏற முடியாத நாட்களில் அக்காவை நாற்காலியோடு தூக்கிச் சென்ற தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள், ஊழியர்கள். அக்கா மறைந்த அன்று மாலை பெங்களூரில் இருந்த எங்கள் தம்பிக்குத் தொலைபேசியில் தகவல் சொன்ன கீழ்வீட்டார். இரவு முழுவதும் உடனிருந்த நீங்கள் அனைவரும். உங்களை எங்கள் குடும்பம் மறக்காது.

மறுநாள் காலை அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருக்க, நான் உள்ளறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்ததைச் சிலர் பார்த்தீர்கள். "கல் மனசு" என்று ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் செய்தது இதுதான்.

காலை 5.40. ஆறு கடிதங்களையும் எடுத்தேன். அக்காவின் கையெழுத்துக்கு மேலே எதையும் தொடவில்லை. அதன் கீழே, படம் வரையும் பேனாவால், ஒவ்வொன்றிலும் எழுதினேன்: 'முதல் தவறான கார்டைப் பற்றி எனக்கு 1996 மார்ச் 19 அன்றே தெரியும். என் அக்காவிடம் நான் சொல்லவில்லை.' என் பெயரும் முகவரியும் எழுதினேன்.

நான்காவது கடிதம் எழுதும்போது தம்பி ரயிலிலிருந்து நேராக வந்து சேர்ந்தான். தோள்மேல் குனிந்து படித்தான்.

"பெரியக்காவே உன் பேரைப் போடல. உனக்கு என்ன சின்னக்கா, இப்போ, இந்த நேரத்துல?"

"தேதி தப்பா இருக்குப்பா."

அவன் கூடத்தைப் பார்த்தான். பிறகு எதிரே உட்கார்ந்து, மீதி இரண்டும் காயும்வரை காத்திருந்தான். உறைகளைத் தானே ஒட்டி எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவே வழி கேட்டு, செருப்புப் போடாமல் தெருமுனைத் தபால் பெட்டிக்கு நடந்தான்.