நெலியின் அட்டை

டென்டர்மோண்டே ஊர்க் குதிரை ராட்டினக்காரர் அகீலின் பெண்டாட்டி கோடலீவ். அகீலுக்கு ஒரே தம்பி, ஓமேர். ஒரே மகள் நெலி. தொண்டை அடைப்பான் கண்டு ஆறு வயதில் போய்ச் சேர்ந்தாள் அவள். அந்தக் குளிர்காலம் முழுக்க அகீல் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, அட்டையில் துளை துளையாக ஒரு பாட்டு வெட்டினார். ராட்டினத்தைச் சுற்றி ஓடும்போது அந்தப் பிள்ளை முணுமுணுத்த மெட்டு. விசிறி மாதிரி மடித்த அந்த அட்டையை, ராட்டினத்தோடு இருந்த ஆர்கன் என்ற குழல் வாத்தியப் பெட்டிக்குள் ஓடவிட்டால் அத்தனை குழலும் சேர்ந்து அதைப் பாடும்.

ஆர்கனுக்கு ஆர்கன் துளைக் கணக்கு வேறு. இதற்கு வெட்டியதை இன்னொன்றில் ஓட்டினால் வெறும் இரைச்சல்தான்.

அகீலும் போய்ச் சேர்ந்த பிறகு, ஆர்கனை விலைக்கு வாங்க ஓமேர் ஓர் அமெரிக்காக்காரனைக் கூட்டி வந்தான். ஊர் ஊராகச் சந்தை ஆர்கன்கள் கப்பலேறிய காலம் அது. ராட்டினத்தை நடத்த ஆளில்லை, கோடலீவும் சம்மதித்தாள். ஆனால் நெலியின் அட்டையை மட்டும் துணி அலமாரியில் ஒளித்து வைத்தாள். ஓமேர் கண்டுபிடித்துவிட்டான்.

"அண்ணி, இது இங்க இருந்தா வெறும் அட்டை. அங்க போனாலாவது பாடும்ல?"

"பாடும்டா. யார் காதுல? எம்புள்ள பாட்டுக்கு எவனோ பீர் குடிச்சிட்டு ஆடவா?"

அட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டா தூங்கப் போகிறீர்கள் என்று இளக்காரமாகக் கேட்டான். ஆமாம் என்றாள். ஆர்கன் மட்டும் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போனது.

இரண்டு வருஷம் அட்டையை விரித்துத் துளைகளைத் தடவிக்கொண்டிருந்தாள். மெட்டின் முதல் பாதி வாய்க்கு வந்தது. நடுவில் அது திரும்பும் இடம் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அப்போதுதான் பயம் பிடித்தது. நான் கேட்காவிட்டால் என்ன, எங்கேயாவது பாடட்டும் என்று அட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓமேர் வீட்டுக்குப் போனாள். அமெரிக்காவுக்கு அனுப்பிவிடச் சொன்னாள்.

அவன் காப்பி ஊற்றிக் கொடுத்தான். தன் காப்பியைக் கரண்டியால் வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தான். ஆர்கனில் அட்டை ஓட்டும் பொறியை அந்த அமெரிக்காக்காரன் போன வருஷமே கழற்றிவிட்டு, காகிதச் சுருள் ஓடும்படி மாற்றிவிட்டானாம்.

"அதுக்கு இப்ப அட்டை வாசிக்கத் தெரியாது அண்ணி."

கோடலீவ் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். காரில் கொண்டு விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். பேருந்தில் நடத்துநர், மூட்டையை மேலே வையுங்கம்மா, இடம் அடைக்கிறது என்றார்.

மடியிலேயே இருக்கட்டும் என்றாள்.