ஹிரோஷிமாவுக்கு இரண்டு டிக்கெட்

எங்கள் சனம் புலம்பெயர்ந்து குடியேறிய அஜின்கோர்ட்டில் நான் ட்ராவல் ஏஜென்சி வைத்திருந்த காலத்தில் போட்ட டிக்கெட்டெல்லாம் கொழும்புக்கும் சென்னைக்கும்தான். ஜப்பான் வேண்டும் என்று வந்தவர் பவளம் அன்ரி ஒருவரே. ஹிரோஷிமாவில் அணுகுண்டு மியூசியம், பழைய கோட்டை, கடலுக்குள் நிற்கும் கோயில் வாசல் எல்லாம் சேர்த்து ஐட்டினரி போட்டுக் கொடுத்தேன். அவர் மியூசியம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் கேட்டார்.

ஊரில் போர் முடிந்த அந்த 2009 மே மாதம் ஃபோன் அடித்தாலே கான்சல்தான். அன்ரியும் கணவர் நடேசன் அங்கிளும் நேரே வந்தார்கள். அங்கிளின் தங்கை வன்னியில் இருந்தவர். அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

“பிள்ளை, உதை நிப்பாட்டு. அங்க சனம் செத்துக் கிடக்கு, நாங்கள் ஊர் சுத்துறதோ?” என்றார் அங்கிள்.

“ஊர் சுத்தவோ போறம்? அங்க செத்ததுகளின்ர உடுப்பைக்கூடப் பேர் எழுதி வைச்சிருக்கினமாம். எங்கட சனத்துக்கு ஆர் வைக்கப் போகினம்? அதையெண்டாலும் நான் பாக்கவேணும்” என்றார் அன்ரி.

அங்கிள் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். “தங்கச்சி இருக்கிறாள் எண்டா இப்பவே போகலாம். இல்லையெண்டா செத்தவீட்டு முப்பத்தொண்டு கழியப் போகலாம். ரெண்டும் தெரியாமல் எப்பிடிப் போறது? சேதி வரட்டும்.”

தொடங்காத சாவுத் துடக்கு எப்போது கழியும்? எந்த ஏர்லைன்ஸிலும் இதற்கு விதி கிடையாது. டிக்கெட்டைத் தேதி குறிக்காமல் ஓப்பினில் போட்டு வைத்தேன். அது காலாவதியானது. பிறகும் மரக்கறிக் கடையில் கண்டால் அன்ரி, “சேதி வந்த உடன வாறன் பிள்ளை” என்பார். சேதி வரவில்லை. ஒருநாள் மாரடைப்பில் அன்ரி போய்விட்டார்.

அங்கிள் தனியே வந்தார். “பவளத்தின்ர முப்பத்தொண்டு முடிஞ்சுது. இப்ப போடு.”

“தங்கச்சி?”

“ஒண்டும் தெரியாது பிள்ளை.”

கஸ்டமர் முன்னால் அழக்கூடாது என்பது தொழில். அன்றைக்குத் தொழிலாவது மண்ணாவது, அழுதுவிட்டேன்.

போய் வந்தவர் கோட்டையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின்ர கருகின சட்டை. கீழ பேர் கிடக்கு. அதுக்கு முன்னால நிண்டு தங்கச்சிக்கும் சேத்து அழுதன். பவளம் இதுக்குத்தான் கேட்டவள், எனக்கு அப்ப விளங்கேல்லை.”

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சேதி வரட்டும், பிறகு போவோம் என்று ஒருவர் சொன்னால் தேதியை மாற்றிக் கொடுங்கள். அதற்குமுன் ஒன்று கேளுங்கள்: “அதுவரைக்கும் அன்ரி இருப்பாவோ, அங்கிள்?”