வீட்டில் பேசும் மொழி: இங்கிலீஷ்

லலிதா மிஸ் தவறிவிட்டார். காலையில் ஸ்கூல் வேன் டிரைவர் வைத்த ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன்... தோசைக்கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் என் மகள் யாழினி படித்த ஸ்கூலில் எல்.கே.ஜி. மிஸ். இங்கே நிறையப் பேருக்கு அவரைத் தெரியும். நான் அவருக்குச் செய்தது யாருக்கும் தெரியாது. எழுதிவிடுகிறேன்.

அட்மிஷன் ஃபார்ம் முழுக்க இங்கிலீஷ். நானும் என் கணவரும் தொட்டியம் பக்கம், தமிழ் மீடியம். பேனாவை வைத்துக்கொண்டு முழித்ததைப் பார்த்து மிஸ்தான் வாங்கி நிரப்பிக் கொடுத்தார்.

"வீட்டுல என்ன மொழிங்க பேசுவீங்க?"

தமிழ் என்றால் சீட் கிடைக்காது என்று பக்கத்து ஃப்ளாட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "இங்கிலீஷ்னு போட்டுடுங்க மிஸ்" என்றேன். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் பேசியது டி.வி. மட்டும்தான். மிஸ் என்னை ஒரு தடவை பார்த்தார், சிரித்தார், எழுதினார்.

முதல் மாதம் முழுக்க யாழினி நனைந்த யூனிஃபார்மோடுதான் வீட்டுக்கு வந்தாள். பாத்ரூம் போக இங்கிலீஷில் கேட்கத் தெரியாமல் அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள் பிள்ளை...

ஒருநாள் குதித்துக்கொண்டு வந்தாள். "அம்மா, ஒண்ணுக்கு வந்தா மிஸ் புடவைய இழுத்தா போதுமாம். மிஸ் தமிழ்லயே சொன்னாங்கம்மா!"

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழ் பேசுவதற்கு இந்த ஸ்கூல் எதற்கு என்று பேரண்ட்ஸ் குரூப்பில் பொங்கினேன். நாலு பேர் சேர்ந்து புகார் கொடுத்தோம். முதல் கையெழுத்து நான்.

பிரின்சிபல் ரூமில் மிஸ்ஸையும் எங்களையும் நிற்க வைத்து, யாழினியின் ஃபார்மை எடுத்து மேசையில் போட்டார்கள். "இவங்க வீட்டுலயே இங்கிலீஷ்தான் பேசுறாங்க. நீங்க எதுக்கு கிளாஸ்ல தமிழ் பேசுறீங்க?"

அந்த ஃபார்மை எழுதியதே மிஸ்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் அங்கேயே கப்பலேறியிருக்கும்.

சொல்லவில்லை. "சாரி மேடம், இனிமே பாத்துக்கறேன்" என்றார். நான் ஹேண்ட்பேக் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது... இப்போது எழுதும்போதும்.

அடுத்த வாரமே கிளாஸுக்கு வேறு மிஸ். லலிதா மிஸ்ஸை ஆபீஸ் வேலைக்கு மாற்றினார்கள். அந்த வருஷத்தோடு நின்றுவிட்டார்.

அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன், திருவானைக்காவல் பஸ் ஸ்டாப்பில். அவராகத்தான் வந்து பேசினார். "யாழினி நல்லாருக்காளாங்க? இப்ப வாயத் தொறந்து கேக்குறாளா?"

கேட்கிறாள் மிஸ் என்றேன். மன்னிப்பு நாக்கு நுனி வரை வந்தது. ஒரு பஸ்ஸும் வந்தது... ஏறிவிட்டேன். நான் போக வேண்டிய பஸ்கூட இல்லை அது.

யாழினி இப்போது ஒன்பதாவது. இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிறாள். மிஸ் போன செய்தியைச் சொன்னதும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மிஸ்... எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். அன்றைக்கும் தமிழ்தான். பிரின்சிபல் ரூமில் அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

மன்னிச்சிடுங்க மிஸ். போயிட்டு வாங்க.