மன்மதன் தலையில் மோட்டார் சைக்கிள் தகடு

மன்மதனின் கிரீடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் பாகம் இருக்கிறது என்பதை எங்கள் தோட்டத்தில் முதலில் கண்டுபிடித்தவன் நான். அதைக் கழற்றிக் கொண்டுபோய் கிரீடத்துக்குக் கொடுத்தவனும் நானே என்பதால் கண்டுபிடிப்பதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. சிரமமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இலங்கையில், லுணுகலைப் பக்கம் மலைச்சரிவில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். எழுபதுகளின் தொடக்கம், வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைக்கு வராத காலம். சீமைக்குத் திரும்பிப் போன சின்னத் துரை ஒருவர் தன் இங்கிலாந்து மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதைத் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் ஹெட்லைட்டின் தலையில், உள்ளங்கை அகலத்தில், கண்ணாடி போல் மினுங்கும் தகடு ஒன்று உண்டு. அதில் இரண்டு வட்ட ஓட்டைகள். ஒன்றில் லைட் சுவிட்ச், மற்றதில் கரண்ட் காட்டும் முள். ஓட்டையைச் சுற்றி இங்கிலீஷில் ஏதோ வெட்டியிருக்கும்.

எட்டு வயதில் அந்தத் தகட்டை நான் கழற்றினேன். காரணம் கலை. மாசி மாதம் மன்மதனை எரித்து எழுப்பும் காமன் கூத்துக்கு அட்டையில் புதுக் கிரீடம் செய்துகொண்டிருந்த கூத்து வாத்தியார், பளபளப்பாக எதையாவது கொண்டு வருகிறவனுக்குக் குட்டிப் பூதம் வேஷம் தருவதாகச் சொல்லியிருந்தார். மற்றப் பையன்கள் சிகரெட் பெட்டித் தாளும் உடைந்த வளையலும் கொண்டு போனார்கள். நான் கொண்டு போனதைப் பார்த்து வாத்தியார், "எங்கடா எடுத்த?" என்று கேட்டார். "ரோட்டுல கெடந்துச்சு" என்றேன். மோட்டார் சைக்கிளும் ரோட்டில்தான் நின்றது, ஆகவே அது முழுப் பொய்யல்ல. இரண்டு ஓட்டைகளிலும் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒட்டி, தகட்டைக் கிரீடத்தின் நெற்றியில் கம்பி போட்டுக் கட்டினார். மன்மதனின் நெற்றியில் 'ஓஃப்' (OFF) என்று எழுதியிருந்ததை வாசிக்கத் தெரிந்தவர் யாரும் கூட்டத்தில் இருக்கவில்லை. நான் வாலை ஆட்டிக்கொண்டு பூதமாக ஆடினேன்.

தகடு போனதும் சுவிட்சும் முள்ளும் குடல் சரிந்தது போல வயரில் தொங்கின. பெரிய கிளாக்கர் தன் குவாட்டர்ஸ் குளியலறையிலிருந்து ஒரு சுவர் சுவிட்சைப் பிடுங்கி, பலகைத் துண்டில் அறைந்து, ஹேண்டிலில் சணல் கயிற்றால் கட்டினார். அந்த உற்சாகத்தில் ஹோர்ன் பித்தானையும் கழற்றிவிட்டு சைக்கிள் மணி வைத்தார். ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றிலும் சுவர் சுவிட்ச் தானாக அணைந்தது. மூன்றாவது தடவை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்த பிறகு வண்டியைத் தொழிற்சாலைக் கொட்டகையில் தள்ளிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து அந்த வண்டி என் மாமாவின் கைக்கு வந்தது. அம்மாவின் தம்பி; தொழிற்சாலையில் ஃபிட்டர். புதிதாக வந்த துரை ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மாத முடிவுக்குள் வண்டியைச் சரிசெய்து பதுளையில் மோட்டார் பரிசோதகரிடம் தகுதிப் பத்திரம் வாங்கிவிட்டால், அது தோட்டத்தின் மேல் பகுதியில், எங்கள் மேல் டிவிஷனிலேயே நிற்கும். யாருக்காவது சுகமில்லாமல் போனால் நாலு மைல் தள்ளிக் கீழ் டிவிஷனில் இருக்கும் மருந்தையாவை மாமா அதில் ஏற்றி வரலாம். இல்லாவிட்டால் வண்டி பண்டாரவளைப் பழைய இரும்புக்காரருக்கு. மருந்தையா வருவதில் எனக்கு ஆர்வமில்லை. வந்தால் ஊசி போடுவார். ஆனால் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் மாமா எனக்கு வேண்டும்.

மாமா எஞ்சினைப் பேச வைத்துப் பதுளைக்கு ஓட்டிப் போனார். பரிசோதகர் சுவர் சுவிட்சைப் பார்த்தாராம்.

"இது மோட்டார் சைக்கிளா, குளியலறையா?"

மாமா சிரிக்கவில்லை. பரிசோதகரும் சிரிக்கவில்லை. சுவிட்ச் பழைய இடத்திலேயே ஒரு தகட்டில், அசையாமல், முறைப்படி பொருந்தியிருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டு வா, அதற்குப் பிறகு இந்த மாதம் எனக்கு நேரமில்லை என்று அனுப்பிவிட்டார்.

ஹோர்ன் பித்தானும் அதைப் பிடிக்கும் வளையமும் பெரிய கிளாக்கரின் மேசையில், கடதாசி பறக்காமல் இருக்கப் பாரமாகக் கிடைத்தன. பழைய சுவிட்சும் முள்ளும் ஒரு டின்னுக்குள் இருந்தன. தகடு மட்டும் இல்லை. மாமா பால்மா டின்னை வெட்டிப் பார்த்தார், முறுக்கிக்கொண்டது. தேயிலைப் பெட்டி மூலைத் தகட்டில் செய்து பார்த்தார். தொழிற்சாலை வளைவைத் தாண்டுவதற்குள் கீறல் விட்டது.

"மாப்ள, ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே. எங்கயாச்சும் கண்டியாடா? கண்டுபிடிச்சுக் குடுத்தா மொத ஆளா ஒன்னயத்தான் பதுளைக்குக் கூட்டிப் போவேன்."

"காணலியே மாமா" என்றேன். என் வாய் சொன்னது அது. வயிறு உடனே வேறு பதில் சொன்னது. அன்று மட்டும் ஐந்து தடவை கக்கூசுக்கு ஓடினேன். அம்மா கொத்தமல்லிக் கசாயம் வைத்துக் கொடுத்தாள். குற்றத்துக்குக் கொத்தமல்லி கேட்காது என்று அப்போதுதான் தெரிந்தது.

அது மறுபடியும் மாசி மாதம். காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, ஆட்டக்காரர்களுக்குக் காப்பும் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிய பிறகு கிரீடம் மதனுக்குச் சொந்தம். மதனை எரித்து, மூன்றாம் நாள் உயிர் எழுப்பும் வரை அதிலிருந்து ஒரு குண்டூசி கூடக் கழற்றக் கூடாது. எரிக்கும் நாளோ வெள்ளிக்கிழமைக்குப் பிறகு. ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கழற்றக் கூடாது என்பது மனிதர்களுக்குத்தான், நான் பூதம்.

புதன்கிழமை பகல், ஆட்கள் எல்லாரும் வேலைக்கு மலையில் இருந்த நேரம், பொட்டலோரக் குடிசைக்குள் நுழைந்தேன். கிரீடம் ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. கம்பி முடிச்சு உட்பக்கம். இருட்டில் முடிச்சுத் தெரியவில்லை. கிரீடத்தை உயர்த்தி, உள்ளே எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்து... மதன் வேஷக்காரர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆள், தலை பூசணிக்காய் அளவு. அவருக்கு நெற்றியில் நிற்கும் கிரீடம் எனக்கு மூக்கைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, தோளில் போய் உட்கார்ந்தது. மேலே இழுத்தால் காதை வெட்டியது. உலகம் இருண்டது.

ஒரு புத்திசாலி அங்கேயே உட்கார்ந்து யோசித்திருப்பான். நான் ஓடினேன். எந்தத் திசை என்று எனக்குத் தெரியாது. கால்களுக்குப் பழகிய திசை. அது கொழுந்து நிறுக்கும் மடுவம். பகல் நிறுவைக்கு அம்மாவும் நாற்பது பெண்களும் கூடையோடு வரிசையில் நின்றார்கள். கழுத்தில்லாத, காற்சட்டை போட்ட மன்மதன் பட்டப்பகலில் கத்திக்கொண்டு வருவதை அவர்கள் கண்டார்கள். ஒரு கூடை உருண்டது. யாரோ குலவை போட்டார்கள். "ஐயோ சாமி, எரிக்க முன்னயே ஓடி வந்துருச்சே!" என்று ஒருத்தி அழுதாள்.

"சாமியாம் சாமி! காலப் பாரு, எம் மகன்டி அது!" என்றாள் அம்மா.

கூத்து வாத்தியார் வந்தார். மாமாவும் கை முழுக்கக் கிறீசோடு தொழிற்சாலையிலிருந்து வந்தார். வெளியே இழுத்தால் கிரீடம் கிழியும், இழுக்காவிட்டால் பையன் மூச்சு முட்டுவான் என்று விவாதம் நடந்தபோது, உள்ளேயிருந்து நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அட்டைக்குள் என் குரல் அசரீரி போல் முழங்கியதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

"மாமா, அந்தத் தகடு எம் மண்டயிலதான் இருக்கு!"

மாமா குனிந்து நெற்றித் தகட்டைப் பார்த்திருக்க வேண்டும்.  பிறகு காதோரம் கிறீஸ் தடவி என்னை உருவி எடுத்தார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை, அவர் வாத்தியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, வெள்ளிக்கெழமைக்கு இது வேணும்."

"காப்புக் கட்டியாச்சுப்பா. கழட்ட ஏலாது."

"வண்டி இரும்புக்குப் போயிருமே."

வாத்தியார் கிரீடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மடுவத்துப் படியில் உட்கார்ந்தார். பெண்கள் நிறுவையை மறந்தார்கள். கணக்கப்பிள்ளை கூட அதட்டவில்லை. நான் அழுதேன். என் அழுகையில் மலையே இளகும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டினேன். கடைசியில் வாத்தியார் நிமிர்ந்தார்.

"கிரீடத்துல இருந்து தகட்டக் கழட்டக் கூடாது. அம்புட்டுத்தான் மொறை. தகட்ட வண்டியில பூட்டக் கூடாதுன்னு மொறை இல்ல."

"அப்ப கிரீடம்?"

"அதுவும் வண்டியோட போகட்டும். மதனும் கூடப் போகணும். கிரீடம் தனியாப் போகாது."

கண்ணாடித் துண்டுகளை எடுக்கலாமா என்று மாமா தயங்கிக் கேட்டார். அவை பசை போட்டு ஒட்டியவை, கட்டியவை அல்ல, ஆகவே கணக்கில் சேராது என்றார் வாத்தியார். கம்பியை இளக்கலாமா என்றதற்கு, அறுக்காதவரை கம்பி கம்பிதான் என்றார். முறை இவ்வளவு வளையும் என்று தெரிந்திருந்தால் நான் முதலிலேயே உண்மையைச் சொல்லியிருப்பேன். (பொய். சொல்லியிருக்க மாட்டேன்.)

வெள்ளிக்கிழமை காலை அந்த இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் மன்மதனின் கிரீடத்தைச் சூடிக்கொண்டு தோட்டத்தை விட்டுக் கிளம்பியது. தகடு ஹெட்லைட்டின் தலையில், அதன் பழைய நாலு திருகாணி ஓட்டையில், பழைய மாதிரியே உட்கார்ந்திருந்தது. அதில் சுவிட்ச், பக்கத்தில் முள். பின்னால் ஒரு முழ உயரத்துக்கு ஜரிகைக் கிரீடம். மாமா அதற்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்து ஓட்டினார். பெட்ரோல் டேங்கில் நான். பின் சீட்டில் சரமும் காப்புமாக, விரதக் களையோடு மதன் வேஷக்காரர். வளைவு வந்தால் சாமி பெயரைச் சொல்லி மாமாவின் இடுப்பைப் பிடித்தார். வழியில் ஒரு பஸ் ஒதுங்கி இடம் விட்டது. மாமா ஹோர்ன் பித்தானை அழுத்தினார். பெரிய கிளாக்கரின் மேசையில் ஊமையாகக் கிடந்த சாமான் மலை முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

பரிசோதகர் வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். சுவிட்சைப் பிடித்து ஆட்டினார், அது அசையவில்லை. திருப்பினார், லைட் எரிந்தது, முள் பணிவாகச் சாய்ந்தது. தகட்டில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவினார். தடவியபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தொலைந்த சொந்தக்காரரைக் கண்ட முகம். பிறகு கிரீடத்தைப் பார்த்தார்.

"இதும் கம்பனி போட்டதா?"

"இல்லீங்க ஐயா. அது மேலதிகமா" என்றார் மாமா.

பரிசோதகர் பின் சீட்டிலிருந்த மதனையும் பார்த்தார். அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் நாங்கள் திரும்பி வந்தபோது பொட்டலில் தப்பு மேளம் முழங்கத் தொடங்கிவிட்டது. எரிப்பதற்கு இன்னும் நாள் இருந்தும் கூட்டம் கூடியிருந்தது. என்னைத் தோளில் தூக்கினார்கள். திருடியவனைத் தூக்குகிறோம் என்ற நினைவு யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. கீழ் டிவிஷனிலிருந்து மருந்தையாவே நடந்து வந்து வண்டியைத் தட்டிப் பார்த்தார்.

கூத்து வாத்தியார் மட்டும் சத்தம் போடாமல் வந்து ஹெட்லைட்டின் முன்னால் நின்றார். கிரீடத்தை வாங்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் சுவிட்சைத் திருப்பினார். மங்கலாகிக்கொண்டிருந்த ரோட்டில் வெளிச்சம் விழுந்து, கீழ் டிவிஷனுக்குத் திரும்பும் வளைவு வரை போனது. அணைத்தார். மறுபடியும் போட்டார். வண்டியைப் பிடித்து உலுக்கினார், வெளிச்சம் அணையவில்லை. இன்னொரு தடவை உலுக்கினார்.

தோள் மேலிருந்து நான் கத்தினேன்: "வாத்தியாரே, வெளையாடாதீங்க, பேட்டரி எறங்கிப் போயிரும்!"

தப்பு நின்றது. மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்: "நீங்க போடுங்க வாத்தியாரே. எறங்குனா நான் ஏத்திக்கிறேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் ஒரு தடவை அந்தச் சுவிட்சைத் தொட்டதற்குக் கையில் தட்டிய மாமா அவர்.

முந்தின வருடம் அடைமழையில், வாத்தியாரின் மனைவி பிள்ளைவலியோடு ஒரு இரவு முழுக்கத் தேயிலை லொறிக்காகக் காத்திருந்ததும், லொறி வந்தபோது விடிந்து எல்லாம் முடிந்திருந்ததும் எனக்குத் தெரியாத செய்தி அல்ல. அன்றைக்கு எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பதால் நன்றாகவே ஞாபகம் இருந்தது. அந்த ஞாபகத்தையும் இந்த வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்க்கும் வயதுதான் எனக்கு இல்லை. முறையை வளைத்தது என் அழுகைதான் என்று நம்பிக்கொண்டு, தோள் மேல் உட்கார்ந்து, அவர் சுவிட்சைப் போடுவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.