பட்டி பார்த்த துப்பாக்கி

துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படம் பார்த்துத் தெரிந்ததுதான். ஒன்றைக்கூட வாங்கியதில்லை, சுட்டதில்லை. வளைகுடாவில், ரோலா கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் கைக்கடிகாரமும் செல்போன் கவரும் விற்கிற கடை என்னுடையது. மதியம் ஆள் வராத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பழைய பிபி கன் படங்களைப் பெரிசுபடுத்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிபி கன் என்றால் பயப்பட வேண்டாம். காற்றின் அழுத்தத்தில் மிளகளவு இரும்புக் குண்டைத் தள்ளிவிடுகிற துப்பாக்கி. அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பார்களாம். எங்கள் ஊர் தர்கா கந்தூரியில் காசு கொடுத்துப் பலூன் சுடுவோமே, அந்தத் துப்பாக்கிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சேர்க்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. பரணில் கிடந்தது, கொட்டகையில் கிடந்தது என்று எவனாவது படம் போடுவான். எந்தக் காலத்தது என்று கேட்பான். நான் முதலில் தோளில் வைக்கிற கட்டையைப் பார்ப்பேன். மரமா, பிளாஸ்டிக்கா? பிறகு குழாய்க்கு நிக்கல் பூசியிருக்கிறதா, வெறும் பெயிண்ட்தானா, கீழே இழுக்கிற லீவர் வார்ப்பிரும்பா, அலுமினியமா என்று பார்ப்பேன். எல்லாவற்றையும் விடக் குழாயின் மேல் அடித்திருக்கிற எழுத்துதான் முக்கியம். தொழிற்சாலை இடம் மாறினால் அதிலே ஊர் பெயர் மாறும். காப்புரிமை எண் இருந்தால் அந்த எண்ணுக்கு முன்னால் அது பிறந்திருக்க முடியாது என்று தெரியும். எப்போது பிறந்தது என்பதை வேறு எதையாவது வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஜாதகம் இல்லாத ஆளுக்கு வயது சொல்கிற வேலை. எனக்கு அதில் ஒரு கிறுக்கு.

என் மனைவிக்கு இது பிடிக்காது. "சுடத் தெரியாத சூரப்புலி" என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த நாட்டில் காற்றுத் துப்பாக்கியானாலும் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. எனக்கு வைத்திருக்கவும் வேண்டாம். படம் போதும்.

என் கிறுக்கை மதித்த ஒரே ஆள் அவளுடைய அண்ணன்தான். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவோம். அவளுக்குக் காக்கா, எனக்கு மச்சான். அபுதாபி முசஃபாவில் ஒரு கராஜில் பெயிண்டராக இருந்தார். அரபிகள் ஆசைப்பட்டு வரவழைக்கிற பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டிகளுக்குப் புத்துயிர் கொடுக்கிற கராஜ் அது. துருப்பிடித்த தகரமாக உள்ளே போகிற வண்டி, அவர் கைபட்டு மாப்பிள்ளை மாதிரி வெளியே வரும். தெருவில் நடந்தால்கூட நிற்கிற வண்டிகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வருவார். "ரீபெயிண்ட்டு" என்று உதட்டைப் பிதுக்குவார்.

மச்சானுக்கு ஒரு மனக்குறை உண்டு. எங்கள் நிக்காஹ் நேரத்தில் அவர் புதிதாக இங்கே வந்திருந்தார். கையில் ஒன்றும் இல்லை. தங்கச்சி மாப்பிள்ளைக்கு மரியாதையாக எதையும் செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை எங்கள் வீட்டுக்கு வந்தாரோ அத்தனை முறையும் ஏதாவது தூக்கிக்கொண்டு வருவார். எல்லாம் டப்பா பிரிக்காததாக இருக்க வேண்டும். வளைகுடாவில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான் இது. ஊருக்குக் கட்டுகிற பெட்டியில் ஒரு டார்ச் லைட் வைத்தாலும் அது புத்தம் புதிதாக இருக்க வேண்டும். இரண்டு நாள் பழகியதாக இருந்தால் துடைத்து, பழைய அட்டைப்பெட்டியைத் தேடியெடுத்து, அதற்குள் வைத்துத்தான் அனுப்புவோம். பழையதை மாப்பிள்ளைக்குக் கொடுப்பதாவது!

ஒருநாள் போனில் கேட்டார். "மாப்ள, நீங்க பாக்குற அந்தத் துப்பாக்கி என்ன கலர்ல இருக்கும்?"

"பெரும்பாலும் கறுப்பு மச்சான். ஏன்?"

"சும்மாதான்" என்றார்.

சும்மா கேட்கிற மனிதர் இல்லை அவர். கப்பலில் வந்த ஒரு பிக்கப் வண்டியின் சீட்டைக் கழற்றியபோது பின்னால் ஒரு பிபி கன் கிடந்திருக்கிறது. வண்டிக்காரரிடம் போர்மேன் கேட்டதற்கு, தூக்கிப் போடு என்று சொல்லிவிட்டார். தூக்கிப் போடப் போனதை மச்சான் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் அதைத் தொடாதீர்கள், போலீஸில் கொடுத்துவிடுங்கள் என்று காலில் விழுந்திருப்பேன். சொல்லவில்லை. எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க வேண்டுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவில் அபுதாபியிலிருந்து பஸ் ஏறி வந்தார். கடையில் எனக்கு யாவாரம் நடந்துகொண்டிருந்தது. யாவார நேரத்தில் உள்ளே வந்து நிற்க மாட்டார், அது அவர் நாகரிகம். எதிரே இருந்த கஃபட்டீரியாவில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பஸ்ஸில் வந்ததில் பெயிண்ட் உரசியிருக்குமோ என்று பெயிண்டர் புத்தி அரித்திருக்கிறது. கொண்டுவந்த பொட்டலத்தின் ஒரு முனையைப் பிரித்துப் பார்த்தார். பக்கத்து மேஜையில் குடும்பத்தோடு இருந்தவர்கள் கறுப்புக் குழாயைப் பார்த்தார்கள்.

கூட்டத்தைக் கண்டு நான் ஷட்டரைக்கூட இறக்காமல் ஓடியபோது இரண்டு போலீஸ்காரர்கள் அவரை எழுப்பி நிறுத்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மச்சான் சிரித்தார். "மாப்ள, உங்களுக்குத்தான். ஒரு கிஃப்ட்டு" என்றார். போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அதைச் சொன்னார்.

ஸ்டேஷனில் அந்த அதிகாரி மரியாதையாகவே நடத்தினார். தண்ணீர் கொடுத்தார். என்னுடைய அரபி கடை அரபி. விலை சொல்லலாம், குறைக்கலாம், ஒரு மனிதனைக் காப்பாற்றப் பத்தாது. பாதி ஆங்கிலத்தில் பேசினேன். "சார், இது சின்னப் பிள்ளைகளின் காற்றுத் துப்பாக்கி. அமெரிக்காவில் செய்தது. குழாயின் மேலே எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்."

அவர் வெளிச்சத்தில் திருப்பினார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்தில்லை. வழவழவென்று கறுப்பு. கட்டையும் கறுப்பு, லீவரும் கறுப்பு. போருக்குப் புறப்பட்டது மாதிரி இருந்தது.

"எழுத்து எங்க மச்சான்?"

"அதுவா? குழி குழியா அசிங்கமாக் கெடந்துச்சு மாப்ள. பட்டி பார்த்து லெவல் பண்ணிட்டேன். தடவிப் பாருங்க, ஒரு எழுத்து தட்டாது."

பெருமையாகச் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று எங்கள் தெருவிலும் சொல்வார்கள். அந்தக் குரங்கு மேஜைமேல் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் சொல்கிறதை யார் நம்புவார்கள்? அதிகாரி நம்பாததில் தப்பே இல்லை. ஆயுதம் பார்க்கிறவர்கள் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை இவர் இங்கேதான் என்றார். நிஜத் துப்பாக்கி என்று முடிவானால் ஜெயில் என்பது எனக்கும் தெரிந்தது, மெதுவாக மச்சானுக்கும் தெரிந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்போதுதான் போனது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி அழவில்லை. அழுதிருக்கலாம். "உங்க பைத்தியம் எங்க காக்காவ விழுங்கிருச்சு" என்றாள். பிறகு தொழுகைப் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்மேல் வந்தது, அந்த வண்டிக்காரர்மேல் வந்தது. பழையதைக் கொடுத்தால் மாப்பிள்ளைக்கு அவமரியாதை என்று எவன் சொல்லிவைத்தானோ அவன்மேலும் வந்தது. மச்சானுடைய மகள் ஊரில் நர்ஸிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யார் போன் செய்வது என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். ஆயுதம் பார்க்கிற நிபுணர் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தின்னரும் பஞ்சும் வைத்திருந்தார். எழுத்து எங்கே இருக்கும் என்று கேட்டார். குறி பார்க்கிற தகட்டுக்குப் பின்னால் மேலே தேய்க்கச் சொன்னேன். தேய்த்தார். போகவில்லை. மேலே பளபளப்புக்குக் கிளியர், அதற்குக் கீழே கறுப்பு, அதற்குக் கீழே பிரைமர். மச்சான் ஒரு பூச்சைக்கூட ஏமாற்றாமல் அடித்திருந்தார். கதவோரம் ஒரு காவலரோடு அவர் நின்றார். பஞ்சு கறுப்பாகிக் கறுப்பாகி மேஜையில் விழுந்தபோது அவரால் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரத்தில் நான் கேட்ட துஆவை நினைத்தால் இப்போதும் எனக்கே சிரிப்பும் அழுகையும் வருகிறது. பழைய துப்பாக்கிகளில் எழுத்து கொஞ்சமாகத்தான் இருக்கும். செய்தவன் பெயர், ஊர், காப்புரிமை எண், அவ்வளவுதான். பிற்காலத்தில் வழக்குக்குப் பயந்தோ என்னவோ எச்சரிக்கைகளை அடிக்க ஆரம்பித்தார்கள். எச்சரிக்கை நீளமாக இருந்தால் எங்கள் குழுவில் படம் போட்டவனைக் கேலி செய்வோம், இது நேற்றுப் பிறந்த குழந்தை என்று. பழசாக இருக்கட்டும், இன்னும் பழசாக இருக்கட்டும் என்றே இத்தனை காலம் ஆசைப்பட்டவன், "யா அல்லாஹ், இது புதுசா இருக்கட்டும். எழுத்து நிறைய இருக்கட்டும்" என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பெயரும் ஊரும் மட்டும் இருந்தால் அது இன்ன துப்பாக்கி என்று அவர்களுக்குப் புரியவைக்க என் வாயைத்தான் நம்ப வேண்டும். என் வாய்க்கு அங்கே என்ன மதிப்பு?

பட்டி வெள்ளையாகக் கரைந்தது. முதலில் ஒரு எழுத்தின் வயிறு தெரிந்தது. பிறகு வரிசையாக வந்தன. நிபுணர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் வாசித்தார். பிபி குண்டு மட்டும். இது பொம்மை அல்ல. பெரியவர்கள் பார்வையில் பயன்படுத்தவும். கையேட்டைப் படிக்கவும். இன்னும் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எனக்கு மூச்சு வந்தது. அதிகாரி மச்சானைத் திரும்பிப் பார்த்து, "மாஃபி முஷ்கில்", பிரச்சினை இல்லை என்றார். நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை.

குழுவில் அதன் படம் வந்திருந்தால் நான் ஒரு வரி பதில் போட்டிருக்க மாட்டேன். கடைகளில் மலிந்து கிடந்த சாதாரண மாடல், பிளாஸ்டிக் கட்டை.

அனுமதி இல்லாமல் வைத்திருந்ததற்கு எச்சரித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரை விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை. துப்பாக்கி திரும்ப வராது என்றார்கள், அதை யார் கேட்டது? ஆனால் கம்பெனிக்குள் கதை வேறு மாதிரி போயிருந்தது. தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப்பில் 'துப்பாக்கி கேஸ்' என்று பேர் விழுந்துவிட்டது. மேனேஜர் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். "கலாஸ்", முடிந்தது என்று ஒரே சொல். விசா கேன்சல். நான் முசஃபாவுக்குப் போய் அந்த மேனேஜரிடம் இந்தியில் மன்றாடிப் பார்த்தேன். நல்ல பெயிண்டர் பாய், எனக்குத் தெரியாதா, ஆனால் முதலாளி பயப்படுகிறார் என்றார். சுவரோடு பேசியது மாதிரிதான்.

விமானம் மத்தியானம். மனைவி பெட்டி கட்டிக் கொடுத்தாள், எல்லாம் புதுசு. கயிறு போட்டு இறுக்கி, மார்க்கரில் பெயர் எழுதினோம். ஏர்போர்ட்டில் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். வேலை போனதைப் பற்றிப் பேசப் போகிறார், மகள் படிப்பைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். எதைச் சொன்னாலும் செய்துவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

"ஆனது ஆச்சு மாப்ள. அதை விடுங்க. உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

அது எந்த வருஷத்துச் சரக்கு, என்ன பெறும் என்பதெல்லாம் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"வேலைப்பாடு பிரமாதம் மச்சான்" என்றேன். "அத்தனூண்டு குழாயில ஒரு பிசிறு இல்ல."

அந்தச் சிரிப்பு திரும்பி வந்தது. "கராஜ்ல பயலுவ யாரையும் தொட விடல. நானே அடிச்சேன்" என்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறபோது நின்று, திரும்பி, அங்கிருந்தே உரக்கச் சொன்னார்.

"வெயில்லயே வச்சாலும் பத்து வருசத்துக்கு மங்காது மாப்ள."