ஊறுகாய் பாட்டிலில் தங்கமீன்

மகளோடு வண்ணமீன் கடைக்குள் நுழைந்ததும் பாசி வாடை அடித்தது. சின்ன வயதில் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் அப்பா வாங்கித் தந்த தங்கமீன் நினைவுக்கு வந்தது.

ஊறுகாய் பாட்டிலில் விட்டிருந்தோம். ஓயாமல் வட்டமடித்தது. ஆடுகிறது என்று நானும் அக்காவும் கைதட்டினோம். மூன்றாம் நாள் மேலே வந்து வாயைப் பிளந்தது.

"மேலுக்கு முடியல போலிருக்கு" என்று அம்மா, எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் பூசிவிடும் கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டாள்.

சாயங்காலம் மீனைக் கொய்யா மரத்தடியில் புதைத்தோம். புற்றுமண்ணை இன்னும் கொஞ்சம் போட்டிருக்கணும் என்று அக்கா அழுதாள். பாட்டிலைப் பற்றி யாரும் பேசவில்லை.

"ஒரு மீனுக்கு இந்தச் சின்னத் தொட்டி போதும் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

நான் பெரியதைக் காட்டினேன்.

"இத வீட்டுல எங்கனப்பா வைக்க?" என்றாள் மகள்.

"டிவிய எடுத்துருவோம்."